குவைத்தக்காவின் முக்கால்

இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து லுணுகலை டவுனுக்கு வரும் குறுக்குப்பாதை தேயிலைக்கு நடுவே செங்குத்தாக விழும். மழை பெய்திருந்தால் சில இடங்களில் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். அன்று மழை இல்லை. தோளில் பை முக்கால்தான் நிறைந்திருந்தது. அதுவும் குவைத்தக்கா சொன்னதால். போர்வையையும் கத்தியையும் நான் உள்ளே அமுக்கித் திணித்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தவர், "அடைச்சுக் கட்டாத தம்பி. போற எடத்துல யாராச்சும் ஏதாச்சும் தந்தா எங்க வைப்ப?" என்றார். போர்வையை வெளியே எடுத்து, சுருட்டி, மேலே கட்டிக்கொண்டேன்.

ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனையோ தோட்டங்களில் வேலை செய்திருக்கிறேன், எல்ல டவுனின் ஹோட்டல்களில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், ஹல்துமுல்லையில் மரம் அறுத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் கால் வேகம் குறையும், அவ்வளவுதான். அன்று பார்த்தேன். லயத்து வீட்டு வரிசையில் மூன்றாவது காம்பராவின் ஜன்னல் மூடியிருந்தது. பகலில் அதை மூடி நான் பார்த்ததில்லை. உள்ளே குவைத்தக்காவுடைய மெஷின் நின்றுபோயிருந்தது. மறுபடி ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

அந்தத் தோட்டத்துக்கு நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போயிருந்தேன். கரண்ட் வெட்டு நாள்தோறும் இருந்த வருஷம் அது. ஒப்பந்த வேலை. தங்க இடமில்லை. கூட வெட்டிய முருகேசு அண்ணன் தன் காம்பராவின் முன்பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த காம்பரா குவைத்தக்காவுடையது. லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் எட்டு வீட்டுக்கும் மணக்கும். அந்தச் சுவருக்கு மேலாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது, தூரத்தில் காற்று வீசுவதுபோல. ஐஸ்பெட்டி என்று நினைத்தேன். முருகேசு அண்ணன் சிரித்தார். "அது அக்காவோட கம்ப்யூட்டர். சீக்காளிகளுக்குக் கணக்குப் போடுது. வெளங்கலன்னா அவங்ககிட்டயே கேளு, எனக்கும் வெளங்கல" என்றார்.

அப்போது அக்காவுக்கு ஐம்பது இருக்கும். முழங்கால் போய்விட்டதால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு லயத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். குவைத்தில் ஒரே வீட்டில் பல வருஷம் வேலை செய்தவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அவருடைய குணத்தை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: முக்கால். தேத்தண்ணியை முக்கால் கோப்பைதான் ஊற்றுவார். மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாளி முக்கால். "நெறைச்சுத் தூக்குனா மேட்டுல கால்வாசி சிந்தும். சிந்துனதத் தூக்கின வலி மட்டும் மிச்சம்" என்பார். அடுப்பில் விறகு மூன்று இருந்தால் ஒன்றை இழுத்து வெளியே வைப்பார். சிரித்தால்கூட முழுதாகச் சிரிக்க மாட்டார். பாதிக்கு மேல் போனதும் உதட்டை மடித்து நிறுத்திக்கொள்வார். லயத்துப் பெண்கள் இதை வைத்து அவரைக் கேலி செய்வார்கள். "அக்கா, ஜாக்கெட்டுக்குக் கை ரெண்டும் வேணும், முக்காக் கையி வச்சுராதீங்க" என்பார்கள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "ஒனக்கு வாய்தான் முழுசா இருக்கே, அது போதாதா?" என்பார்.

அந்தக் கம்ப்யூட்டரும் முக்காலில்தான் ஓடியது.

ஒரு மழை நாள், வேலை நடக்காமல் திரும்பி வந்தபோது உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பழைய தகரப் பெட்டி. ஒரு பக்கம் மூடி இல்லை. உள்ளே செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பொருள், அதில் இரண்டு காற்றாடி. அதுதான் கிராஃபிக்ஸ் கார்ட். படம் ஓட்டவும் விளையாடவும் செய்கிற சாமான், கணக்குப் போடுவதிலும் பெரிய சூரன் என்றார். திரையில் பல நிறத்தில் ஒரு நூல் சுருண்டு, மெல்ல முறுகிக்கொண்டிருந்தது.

"ஒடம்புக்குள்ள இந்த மாதிரி நூல் இருக்கு தம்பி. சரியா மடிஞ்சா வேலை செய்யும். கோணலா மடிஞ்சா சீக்கு. எப்படி மடியுதுன்னு கண்ணால பாக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் பாக்கணும். ஒரு கம்ப்யூட்டர்ல போட்டா ஆயுசு பத்தாது. அதனால துண்டு துண்டா வெட்டி ஒலகம் பூரா குடுத்திருக்காங்க. இந்தத் துண்டு நம்மளுக்கு."

கூலி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். யார் கேட்டார்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை, விரும்பினவர்கள் செய்வது என்றார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எனக்கு அந்த நூல் விளங்கியது என்று சொன்னால் பொய். ஆனால் 'நம்மளுக்கு' என்று அவர் சொன்னது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. காலையில் ஆள் கூடும் எத்தனையோ பெரட்டுக் களங்களில் எனக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வடிகான் வெட்டு, புல்லு வெட்டு, உரம் தூக்கு. மனுஷ உடம்பின் ஒரு துண்டை எந்தக் கங்காணியும் என்னிடம் கொடுத்ததில்லை. கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் எந்தெந்த ஊரிலோ, எவரெவர் வீட்டிலோ மற்றத் துண்டுகள் முறுகிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது, நான் நடந்த ஊர்களெல்லாம் சிறுத்துப்போயின. வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன் போல. "ஈ போகப்போவுது" என்றார் அக்கா.

பிளக்கில் செருகிய சின்ன மீட்டர் ஒன்று இருந்தது. இழுக்கிற கரண்டும் லைனில் வருகிற கரண்டும் அதில் மாறி மாறித் தெரியும். திரையின் ஓரத்தில் கார்டுக்கான ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி. மவுஸ் என்கிற எலியால் பிடித்து இடது பக்கம் இழுத்தால் அதற்கு மேல் கார்ட் கரண்ட் குடிக்காது. முழுசாக விட்டால் இருநூறு வாட்ஸ் குடிக்கும் என்றார். நூற்றைம்பதில் கட்டினால் வேலை கொஞ்சம்தான் குறையும். கடைசி ஐம்பது வெறும் சூட்டுக்கும் இரைச்சலுக்கும்தான் போகிறது. சூடு ஏறினால் கணக்குப் பிசகவும் கூடும். "பிந்திப் போனா பரவால்ல. பெசகிப் போகக் கூடாது. அதை நம்பி ஒருத்தன் மருந்து தேடுறான்."

கரண்ட் போய் வந்தால் அந்தப் புள்ளி தானாகவே முழுசுக்குத் திரும்பிவிடும். அதனால் கரண்ட் வந்ததும் மெஷினை வேலைக்கு விடமாட்டார். முதலில் புள்ளியை இழுத்துக் கட்டுவார். பிறகுதான் வேலை. வெட்டு இருந்த நாள்களில் தினமும் இப்படி. ஒரு தடவைகூட மறந்து நான் பார்த்ததில்லை.

ஏன் இவ்வளவு கவனம் என்பது வேறொரு நாள் விளங்கியது. எட்டுக் காம்பராவுக்கும் சேர்த்து முருகேசு அண்ணன் வீட்டில் மட்டும்தான் மீட்டர். மற்ற வீடுகளுக்கு அங்கிருந்து ஒரே கம்பி, கூரைக்குக் கீழே சாக்குத் தட்டியின் மேலாக ஓடியது. யாரோ எப்போதோ இழுத்த மெல்லிய கம்பி. அந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று பதுளையில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்த முஸ்லிம் கடைக்கார நானாவிடம் கேட்டு வந்து, அதை எட்டாகப் பிரித்து, தன் பங்கு எவ்வளவோ அதற்குள் மெஷினை அடக்கியிருந்தார். எட்டு வீடும் மலைக்குப் போயிருக்கும் பகலில் நூற்றைம்பது. ஆள்கள் திரும்பும் நேரம் நூறு. அடுப்பு மூட்டும் நேரம் நிறுத்தம். தைத்துக்கொண்டே மீட்டரை ஓரக்கண்ணால் பார்ப்பார். லைனில் வருகிற கரண்டின் எண் சட்டென்று இறங்கினால், "கடைசிக் காம்பராவுல கேத்தல் போட்டாச்சு. மாமியாளுக்குத் தேத்தண்ணி" என்று சொல்லிக்கொண்டே புள்ளியை இன்னும் கொஞ்சம் இழுப்பார். அங்கே கேத்தல் கொதித்து முடிந்ததும் இங்கே புள்ளி பழைய இடத்துக்குப் போகும். அந்த மாமியாருக்கு இது தெரியாது. அவர் குடித்த ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் ஒரு மனுஷி பக்கத்தில் வழிவிட்டிருக்கிறார்.

கார்ட் எப்படி வந்தது என்பதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். குவைத்து வீட்டில் ஒரு பையன். தசை கரைந்துபோகிற சீக்கு. கால் போய், கை போய், கடைசியில் எலியைப் பிடிக்கும் விரல்கள் மட்டும் மிச்சம். அவன்தான் இந்த நூல் கணக்கை ஓட்டினான். மூச்சுவிட வைக்கும் மெஷினும் அதே அறையில் இருந்தது. கம்ப்யூட்டர் இரைந்தால் அந்த மெஷினின் சத்தம் அக்காவுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் அவர் தூங்கமாட்டார். அவர் தூங்குவதற்காகவே புள்ளியை இழுத்துக் கட்ட அவன் கற்றுக்கொண்டான். விரல் ஓய்ந்த பிறகு, அவன் கண்ணால் சொல்ல அக்கா இழுத்தார். அவன் போன பிறகு அவனுடைய தாய், என்ன வேண்டும் கேள் என்றாராம். நகை கேட்பார் என்று நினைத்திருப்பார்கள். அக்கா இந்தக் கார்டைக் கேட்டார். அவனுடைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"அழுதீங்களா அக்கா?" என்று கேட்டேன். எனக்கு வாய் அடக்கம் குறைவு.

"அழுதேன். முழுசா அழலை. அடுத்த நாள் அவங்கம்மாவுக்குச் சோறு ஆக்கணும்ல."

திரையின் மேல் மூலையில் ஒரு பெயர் இருந்தது, இங்கிலீஷ் எழுத்தில். அது அந்தப் பையன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அனுப்புகிற ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கிற மார்க் அப்போதும் அவன் கணக்கில்தான் ஏறியது. மண்ணுக்குள் போனவனுடைய பெயருக்கு நேராக எண் கூடிக்கொண்டே போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். லயத்துப் பையன் ஒருவன், முழுசாக ஓட்டினால் பெயர் இன்னும் சீக்கிரம் மேலே போகுமே என்று சொன்னானாம். "அவன் பந்தயத்துக்கு வைக்கலடா" என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை முழுசாகக் கத்தினார்.

முருகேசு அண்ணனின் மூத்த மகளுக்குச் சடங்கு. டவுனிலிருந்து பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், வாசல் முழுக்க மின்னுகிற பல்பு, சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ரைஸ் குக்கர், கேத்தல், அரைக்கிற மெஷின். அன்று காலையிலேயே அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். அடுத்த நாள் மத்தியானம் தவணை. இரண்டு தடவை ஃபியூஸ் போனது. பாட்டு நின்று, ஆள்கள் சத்தம் போட்டு, மறுபடி பாட்டு வந்தது. அக்கா பெண்ணுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கையை நிறுத்தி, "தம்பி, மூணாவது தடவை ஏன் போகல?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பாட்டு நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன்.

"அதான் கேக்குறேன். அதே பெட்டி, அதே குக்கர். புதுசா ரெண்டு கேத்தல் வேற. போயிருக்கணும்ல?"

எழுந்து முழங்காலை இழுத்து இழுத்து ஃபியூஸ் பெட்டிக்குப் போனார். திறந்து பார்த்தால், ஓர் இழை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இழை முறுக்கிப் போட்டிருந்தது. எங்கள் லயங்களில் எல்லோரும் செய்கிற வேலை இது. திரும்பத் திரும்பப் போகிறதே என்று மூன்றாக முறுக்கிவிட்டால், பிறகு போகாது. ஃபியூஸ் போகாது, அவ்வளவுதான். அக்கா சுவரோடு போன கம்பியைத் தொட்டு, சூடு தாங்காமல் கையை உதறினார். அதற்கடுத்து அவர் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கர் பாட்டே கேட்கவில்லை. "புள்ளய வெளிய கூட்டிட்டு வாங்க. எல்லாரும் வெளிய வாங்க" என்றபடியே மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார்.

சபை நடுவில் பாட்டு செத்தது. முருகேசு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒனக்குப் புள்ள இல்ல. அதான் எம்புள்ள சடங்கு ஒன் கண்ணக் குத்துது" என்றார், எல்லோரும் கேட்க. அக்கா என்னைப் பார்த்துச் சாக்குத் தட்டியைக் காட்டினார். ஸ்டூல் போட்டு ஏறித் தட்டியை விலக்கினேன். கம்பியின் தோல் உருகி வழிந்து சாக்கில் ஒட்டியிருந்தது. சாக்கின் ஓரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. வாளித் தண்ணியை வாங்கி ஊற்றினேன். அதற்கு நேர் கீழேதான் பெண் உட்கார்ந்திருந்த பாய்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். பிறகு பந்தி வைத்தார்கள். சாப்பிட்டார்கள்.

ஆனால் பயம் என்பது ஓர் ஆளைத் தேடும். அன்று பின்னேரம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்து உட்கார்ந்தார். நாள் முழுக்க ஓடுகிற அந்தக் கம்ப்யூட்டர்தான் கம்பியைத் தின்றுவிட்டது என்று யாரோ சொல்ல, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது ஓடவே இல்லை என்று நான் சொன்னேன். வந்தவன், போகிறவன், என் பேச்சு எடுபடவில்லை. முருகேசு அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.  கம்பியை மாற்றும் வரை அதை ஓட்டக் கூடாது என்றார் தலைவர். கம்பியை யார் மாற்றுவது? தோட்ட ஆபீஸில் கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்பார்கள். எழுதிக் கொடுத்தவை எங்கே போகும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க" என்றார். "கையில ஒண்ணு இருக்கு. அதை மட்டும் முடிச்சு அனுப்பிர்றேன். நாளைக்கு எல்லாரும் மலைக்குப் போனப்புறம், ரொம்பக் கொறைச்சு. நடுவுல விட்டா எவனோ மொதல்லருந்து செய்யணும்."

அடுத்த நாள் எனக்கு வேலை முடிந்துவிட்டிருந்தது. மலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. எரிந்த இடத்தை வெட்டி விலக்கி, முதல் மூன்று காம்பராவுக்கு மட்டும் கரண்ட் விட்டிருந்தார்கள். ஃபியூஸில் ஓர் இழை போட்டது அக்காதான். புள்ளியைக் கோட்டின் அடிவரை இழுத்துக் கட்டினார். காற்றாடி சத்தம் அநேகமாக இல்லை. கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி ஒரு கையைச் சுவரிலேயே வைத்திருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. மத்தியானத்துக்குச் சற்று முன் துண்டு முடிந்தது. ஜன்னலில் வைத்திருந்த போனில் சிக்னல் பிடித்து அனுப்பினார். அந்தப் பையனின் பெயருக்கு நேரே எண் ஒரு தடவை கூடியது. மெஷினை அணைத்து, அவனுடைய போர்வையால் மூடினார். ஜன்னலைச் சாத்தினார். நான் பை கட்ட எழுந்தேன்.

லுணுகலையில் அன்று இரவு பஸ் நிலையத்தில் படுத்தேன். விடிந்ததும் பதுளை பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே ஹார்ட்வெயார் கடை அப்போதுதான் திறந்திருந்தது. உள்ளே முருகேசு அண்ணன். பக்கத்தில் கருவிப்பையோடு ஒரு வயர்மேன். தரையில் தடித்த கம்பிச் சுருள்கள், பைப் கட்டு. முருகேசு அண்ணன் மடியிலிருந்து எடுத்தவை மொய்க் கவர்கள். மஞ்சள் தடவியது அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகக் கிழித்துப் பணத்தைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே வெளியே வந்தார்.

"எங்க போற?"

"தெரியலண்ணே. பதுளைப் பக்கம்."

"சும்மாதான நிக்கிற. இதத் தூக்க ஒரு ஆளு வேணும். வயர்மேனுக்கும் கூட நிக்க ஆளில்ல. கம்பி இழுத்து முடியற வரைக்கும் இரு."

சரி என்றேன். சுருள்களைக் கயிற்றில் கோத்துக் கட்டினோம். வயர்மேன், எத்தனை பாயின்ட் என்று கேட்டான். முருகேசு அண்ணன் எட்டு வீட்டையும் சொன்னார். 

"மூணாவது காம்பராவுக்கு மட்டும் தனிக் கம்பி போடு. நல்ல தடிப்பானதா. அவங்க அந்த மெஷின முழுசா ஓட்டட்டும்."

முழுசாக ஓட்டமாட்டார் என்று நான் சொல்லவில்லை. சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முந்தின நாள் இறங்கிய பாதையில் ஏறினேன்.